குளக்கட்டுத்தான் எங்கள் மலை: வன்னியில் ஒருநாள் நடந்து பூவும் விலங்கும் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் முதலில் கேட்பது, "சித்தப்பா, இங்க ஹைக்கிங் போக மலை இருக்கா?" என்பதுதான். மலை இல்லை. இலங்கையின் வடக்கே இருக்கும் எங்கள் வன்னி தட்டை நிலம். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காட்டுக்குள் பாறைகள் தலைநீட்டும், அவ்வளவுதான். ஆனால் ஏறி நின்று நாலு திக்கும் பார்க்க ஒரு மேடு எல்லா ஊரிலும் உண்டு. அது குளக்கட்டு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், எதிரே காடு. அதன் மேல் ஒரு காலைப்பொழுது நடந்து, தண்ணீர் காட்டைத் தொடும் அலைகரையைச் சுற்றி, காட்டோரத்தைத் தொட்டுத் திரும்பினால் நீர்ப்பறவை, புதர்ப்பூ, மான் தடம், முதலை எல்லாம் அஞ்சாறு கிலோமீற்றருக்குள் வந்துவிடும். அந்த நடையை எப்படிப் போவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பெயர்களைச் சும்மா வாசித்துப் பாருங்கள்: கரடிப்போக்கு, ஆனைவிழுந்தான், பன்றிக்கெய்தகுளம், மரையடித்தகுளம், கொக்குத்தொடுவாய், புளியங்குளம், மாங்குளம், பாலைப்பாணி. எந்த விலங்கு எங்கே நடமாடியது, எந்த மரம் எந்தக் குளத்தடியில் நின்றது என்று முன்னோர் எழுதி வைத்த குறிப்பேடு போல இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது நான் இந்தப் பெயர்களிலிருந்துதான் தொடங்குவேன்.

முதற்படி: மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்

வன்னிக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை பெய்யும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் வெயில்தான். அதனால் "எது நல்ல காலம்" என்று கேட்டால், எதைப் பார்க்க வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பூவுக்கும் நீர்ப்பறவைக்கும் தை நடுப்பகுதியிலிருந்து பங்குனி வரை. குளம் நிறைந்திருக்கும், கட்டு பச்சையாக இருக்கும், காலையில் பனி விழும், வடக்கிலிருந்து வந்த பறவைகள் இன்னும் திரும்பியிருக்காது. முதன்முறை வருபவருக்கு நான் சொல்வது இந்தக் காலத்தைத்தான்.

கார்த்திகைப்பூவைப் பார்க்க ஆசையென்றால் மழைக்குள்ளேயே வரவேண்டும். நனைவதற்கு ஆயத்தமாக வாருங்கள்.

வைகாசி முதல் ஆடி வரை பாலைப்பழக் காலம். காட்டு விலங்குகளுக்கு விருந்து. கரடியும் அதே விருந்துக்கு வரும் என்பதால் இந்த மாதங்களில் காட்டோரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஆவணி, புரட்டாதியில் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று அடித்து எல்லாம் காய்ந்து கிடக்கும். பூ குறைவு. ஆனால் தண்ணீர் வற்றிக் குளத்து நடுவில் மட்டும் தேங்கி நிற்பதால், யானையும் மானும் அங்கே வந்தே ஆகவேண்டும். விலங்கு பார்க்க இதைவிட நல்ல காலம் இல்லை. வற்றிய குளத்துச் சேற்றில் பதிந்த தடங்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் படி: குளத்தைத் தெரிவு செய்து, ஊரில் கேளுங்கள்

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், மன்னாரில் கட்டுக்கரைக்குளம் எல்லாம் பெரிய குளங்கள். பறவை நிறையப் பார்க்கலாம். ஆனால் என் மனசுக்குப் பிடித்தது ஊருக்குப் பின்னால் இருக்கும் சின்னக் குளங்கள். அரை நாளில் முழுதாகச் சுற்றி வரலாம், எந்த மூலையில் எது நிற்கும் என்று இரண்டாம் தடவையே பழகிவிடும். கடற்கரைப் பக்கம் போக விரும்புபவருக்கு மன்னாரில் வங்காலை இருக்கிறது. 2008 இல் சரணாலயமாக்கப்பட்டு, 2010 இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம். பூநாரைகளை அங்கே பார்க்கலாம். 1938 இல் சரணாலயமாகி 2015 இல் தேசிய பூங்காவான சுண்டிக்குளமும் பறவைகளுக்குப் பேர்போனது. தேசிய பூங்கா என்று பலகை போட்ட இடங்களில் நினைத்தபடி இறங்கி நடக்க முடியாது. வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் முறைப்படி போகவேண்டும். இந்த வழிகாட்டி ஊர்க்குளங்களுக்கானது.

இனி வரும் ஒரு விஷயத்தைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள்.

வன்னியில் போர் நடந்தது. மிதிவெடி அகற்றும் வேலை பல வருடமாக நடந்தும் இன்னும் முடியாத இடங்கள் உண்டு. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்புத் தலை வைத்த கட்டைகள், மஞ்சள் அல்லது சிவப்பு நாடா, இவற்றில் எதைக் கண்டாலும் அந்தப் பக்கம் ஓர் அடிகூட வைக்கக்கூடாது. பலகை இல்லாத இடம் எல்லாம் பாதுகாப்பானது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊர்ச்சனமும் மாடும் அன்றாடம் நடக்கும் பாதையில் மட்டும் நடவுங்கள். காட்டில் கிடக்கும் எந்த இரும்புத் துண்டையும் கையால் தொடாதீர்கள், காலால் தட்டாதீர்கள்.

ஒருமுறை ஆறுமணிக்குருவி ஒன்றின் பின்னால், அதன் நிறத்தில் மயங்கி, பாதையை விட்டு ஏழெட்டு அடி உள்ளே போய்விட்டேன். பின்னாலிருந்து மாடு மேய்க்கும் ஒரு ஐயா சத்தம் போட்டார்: "தம்பி, உங்கால போகாத! வந்த தடத்திலயே திரும்பி இஞ்சால வா!" நான் மிதித்த அடிகளையே பார்த்துப் பார்த்து மிதித்துத் திரும்பி வந்தேன். அங்கே ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து, எந்தக் குளத்துக்குப் போனாலும் முதல் வேலை ஊருக்குள் போய்க் கேட்பது. மாடு மேய்ப்பவர், தேன் எடுப்பவர், மீன் பிடிப்பவர், வயல் காவலுக்குப் படுப்பவர், இவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. "அண்ணை, இரவு ஆனை வந்ததா? எந்தப் பக்கத்தால ஏறிப் போனது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை வைத்துத்தான் அன்றைய பாதையைத் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாம் படி: கொண்டு போக வேண்டியவை

ஒருவருக்கு மூன்று லீற்றர் தண்ணீர். தொப்பி. கணுக்காலை மூடும் சப்பாத்து, நீளக் காற்சட்டை. நெருஞ்சிமுள் செருப்பைத் துளைக்கும், புல்லுக்குள் உண்ணி ஏறும், பாம்புக்கும் அதுதான் காவல். நிறம் மண் நிறமாகவோ மங்கிய பச்சையாகவோ இருக்கட்டும். இருநோக்கி ஒன்று இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் நடை வீணாகாது. ஒரு சின்னக் கொப்பி, பென்சில், இரண்டு மூன்று முழம் நூல். நூல் எதற்கென்று பிறகு தெரியும். காலைச் சாப்பாட்டுக்குப் புட்டைக் கட்டிக்கொள்ளுங்கள், வாழையிலையில் கட்டினால் குப்பையும் மிஞ்சாது.

கைத்தொலைபேசியில் 1990 என்ற இலக்கத்தைப் பதிந்து வையுங்கள். இலவச அம்புலன்ஸ் சேவை. பாம்பு கடித்தால் கடிவாயை வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, ஆளைப் பதறவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதுதான் வைத்தியம். நாகம், புடையன், எண்ணெய் விரியன், சுருட்டை எல்லாம் எங்கள் பக்கம் உள்ளவைதான். வெங்கணாந்தி பார்க்கப் பெரிதாகப் பயமுறுத்தும், ஆனால் அதற்கு விஷம் இல்லை.

நான்காம் படி: விடியும் முன் குளக்கட்டில் ஏறுங்கள்

ஐந்தே முக்காலுக்குக் கட்டின் ஒரு முனையில் நிற்கவேண்டும். வெளிச்சம் வரும் நேரம் காதுக்கான நேரம். ஐப்பசி தொடக்கம் சித்திரை வரை, புதருக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில் கேட்டால் அதுதான் ஆறுமணிக்குருவி. இந்தியாவிலிருந்து வந்து குளிர்காலத்தை இங்கே கழிக்கும் பறவை. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கூப்பிடுவதால் இந்தப் பெயர். பச்சை முதுகு, மஞ்சள் கலந்த வயிறு, வாலடியில் சிவப்பு என்று ஒரே உடம்பில் அத்தனை நிறம். நிலத்தில் சருகைக் கிளறித் தின்னும், அதனால் கண்ணில் படுவது அரிது. எனக்குப் பார்க்கக் கிடைத்தது நாலைந்து தடவைதான்.

வெளிச்சம் வந்ததும் தண்ணீர்ப் பக்கம் பாருங்கள். பட்டுப்போன மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டு நிற்கும். உடம்பு முழுவதும் தண்ணீருக்குள், கழுத்து மட்டும் பாம்பு போல வெளியே நீந்தினால் பாம்புத்தாரா. கூட்டமாக விசிலடித்துக்கொண்டு எழும்பினால் சிறகி. ஆழமில்லாத இடத்தில் நத்தைகுத்தி நாரை நிற்கும். அதன் அலகை இருநோக்கியில் பாருங்கள்: மேலலகும் கீழலகும் நடுவில் சேராமல் ஓர் இடைவெளி இருக்கும். நத்தையைக் கையாளத் தோதான அலகு. அது நின்ற கரையில் வெறுங்கூடான நத்தையோடுகள் கிடக்கும்.

இலைக்கோழிக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். தாமரை இலை, அல்லி இலை மேல் தாழாமல் நடக்கும் பறவை. விரல்கள் அவ்வளவு நீளம். நீளவால் இலைக்கோழியில் பெட்டைதான் பெரிது. முட்டையை இட்டுவிட்டு அது வேறு சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் சேவலின் வேலை. அந்த நீண்ட வால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான் இருக்கும். மற்ற நேரத்தில் பார்த்து "இது வேறு பறவை" என்று நினைத்துவிட வேண்டாம்.

குளத்துப் பூக்களில் நேரம் முக்கியம். நீல அல்லி காலையில் விரிந்து பின்னேரம் கூம்பும். வெள்ளை ஆம்பலுக்கு அது நேர்மாறு: இரவில் விரிந்து, வெயில் ஏற மூடிவிடும். ஆகவே இரண்டும் ஒரே குளத்தில் விரிந்து நிற்பதைப் பார்க்க விடிந்தபின் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். பத்து மணிக்கு வந்து "வெள்ளைப்பூவே இல்லையே" என்பவர்கள் பலர்.

இனிக் குனிந்து கட்டைப் பாருங்கள். புல்லுக்குள் சட்டைப் பொத்தானைவிடச் சின்ன நீலப்பூ, விஷ்ணுகிராந்தி. இதுவும் காலைப்பூதான். தும்பையின் வெள்ளைப்பூவைச் சுற்றித் தேனீ மொய்க்கும். நெருஞ்சியின் மஞ்சள்பூ சூரியன் போகும் பக்கம் முகம் திருப்பும். சிவப்புப் பட்டுத்துணியை வெட்டி உருட்டிப்போட்டது போல ஒரு சின்ன உயிர் மண்ணில் ஊர்ந்தால், முதல்மழைக் காலத்தில் நீங்கள் வந்திருக்கிறீர்கள். அது தம்பளப்பூச்சி. சின்ன வயதில் நெருப்புப்பெட்டிக்குள் புல் வைத்து இதை வளர்க்கப் பார்க்காத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. அது பூச்சியே அல்ல, சிலந்தியின் உறவு. எட்டுக் கால்களை எண்ணிப் பாருங்கள். எண்ணிவிட்டு, அதன் பாட்டில் விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: அலைகரை

கட்டு முடிந்து தண்ணீர் காட்டைத் தொடும் மேட்டுப்பக்கம் அலைகரை. இங்கே வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். வெட்டையில் ஆட்காட்டி நின்றால் அது உங்களைக் கண்டவுடன் ஊரைக் கூட்டும். அப்படியே நில்லுங்கள். அது வெறுந்தரையில் முட்டையிடும் பறவை. ஒரு பக்கமாகவே சுற்றிச் சுற்றிக் கத்தினால் முட்டையோ குஞ்சோ கிட்ட இருக்கிறது. வந்தவழியே விலகிப் போய்விடுங்கள். காட்டுக்குள் நீங்கள் வருவதை மானுக்கும் யானைக்கும் அறிவிப்பதும் இதே ஆட்காட்டிதான். நீங்கள் அசையாமல் இருக்கும்போது தூரத்தில் இன்னோர் ஆட்காட்டி கத்தினால், அங்கே வேறேதோ வருகிறது.

தண்ணீர் விளிம்பிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீற்றராவது தள்ளி நடவுங்கள். எங்கள் குளங்களில் முதலை உண்டு. வாயைப் பிளந்தபடி மரக்கட்டை போல வெயிலில் கிடந்தால் அது உங்களை மிரட்டவில்லை, உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. இருந்தாலும் தள்ளியே நில்லுங்கள். கை கால் கழுவ ஊர்ச்சனம் இறங்கும் துறையைத் தவிர வேறெங்கும் இறங்க வேண்டாம். கபரக்கொய்யாவையும் உடும்பையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. உடம்பில் மஞ்சள் புள்ளிகளோடு, தண்ணீரில் அனாயாசமாக நீந்துவது கபரக்கொய்யா. மங்கிய மண் நிறத்தில் புற்றடியிலும் வரம்பிலும் திரிவது உடும்பு.

ஈரமணலில் பத்து இருபது வண்ணத்துப்பூச்சிகள் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் கிட்டப் போய்க் குந்துங்கள். மண்ணிலுள்ள உப்பை உறிஞ்சுகின்றன. பெரும்பாலும் ஆண்கள். எருக்கலஞ்செடி ஒன்று கிட்ட இருந்தால் இலையைப் புரட்டிப் பாருங்கள். கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரி போட்ட புழு இருக்கலாம். எருக்கலைப் பாலின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும் புழு அது. பின்னால் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகிப் பறக்கும்போதும் அந்த நஞ்சுதான் அதற்குக் காவல்.

ஆறாம் படி: காட்டோரம்

காட்டுக்குள் போவது அல்ல, காட்டோரமாகப் போவதுதான் இந்த நடையின் சிறப்பு. விலங்கும் பூவும் விளிம்பில்தான் அதிகம்.

மரங்களை முதலில் பழகிக்கொள்ளுங்கள். பாலை, வீரை, முதிரை, கருங்காலி, ஆற்றோரமாக மருது. பாலை மெதுவாக வளர்ந்து வைரம் பாய்ந்த மரம். பழம் மஞ்சள், சின்னது, தேன் போல இனிக்கும், பால் உதட்டில் ஒட்டும். பழக்காலத்தில் ஒரு பாலையடியில் தள்ளி நின்று மேலே பாருங்கள். மந்திகள் தின்பதைவிடக் கொட்டுவது அதிகம். அந்தக் கொட்டலுக்குக் கீழே புள்ளிமான்கள் காத்து நிற்கும். மேலிருக்கும் மந்திக்குக் கண் தூரம் போகும், கீழிருக்கும் மானுக்கு மூக்கு. ஒன்று அபாயக்குரல் கொடுத்தால் மற்றதும் ஓடும். மந்தி ஒரே இடத்தைப் பார்த்து விடாமல் இருமுவது போலக் கத்தினால், அந்தப் புதரில் சிறுத்தை இருக்கலாம். சிறுத்தையை நான் பகலில் பார்த்ததே இல்லை, தடம் பார்த்திருக்கிறேன்.

இப்போது பூ. மழைக்குப் பின் ஒரு புதர் முழுவதும் ஊதா கலந்த நீலப் பூங்கொத்துகள், இலைக்காம்படியிலும் கொம்பிலும் அப்பிக்கொண்டு நின்றால் அது காயா. சங்கப் பாட்டில் மேகநிற மாயோனுக்கு உவமையாக வருவது இந்தப் பூதான். காயாவும் கொன்றையும் முல்லை நிலத்துப் பூக்கள். காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த இடத்தில்தான் நாங்கள் குடியிருக்கிறோம் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் உறைத்தது. கொன்றை வெயிலுக்குப் பூக்கும், மரம் முழுக்க மஞ்சள் சரம். ஆவாரை தெருவோரமெல்லாம் உண்டு. வெட்சி சிவப்பாகக் குவியும், அதன் காம்பை இழுத்துத் தேன் உறிஞ்சாமல் வளர்ந்தவர் எங்களில் குறைவு.

கார்த்திகைப்பூவுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். செடியின் இலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நுனி மெலிந்து சுருண்டு ஒரு கொக்கி ஆகியிருக்கும். அந்தக் கொக்கியால் வேலியையும் புதரையும் பிடித்துப் பிடித்துத்தான் அது மேலே ஏறுகிறது. மொட்டு தலைகீழாகத் தொங்கும், பச்சையாக. விரியும்போது ஆறு இதழ்களும் பின்னோக்கி மேலே மடங்கும், ஓரமெல்லாம் நெளிநெளியாக. முதலில் அடி மஞ்சள், நுனி சிவப்பு. நாளாக நாளாகச் சிவப்பு கீழிறங்கி முழுப்பூவும் கடுஞ்சிவப்பாகிவிடும். ஒரே கொடியில் பச்சை மொட்டு, மஞ்சள் பூ, செம்பூ மூன்றும் நிற்கும். ஆறு மகரந்தக் காம்புகள் சக்கரத்தின் ஆரக்கால் போலப் பக்கத்துக்கு நீட்டி நிற்கும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே முழங்கை போல மடங்கி ஒதுங்கிப் போகும். காந்தள் என்று பழைய பாட்டுகளில் வருவது இதுவே. அங்கே இது மலைநிலமான குறிஞ்சியின் பூ. எங்களுக்கு வேலியிலேயே பூக்கிறது. கிழங்கு கொடிய நஞ்சு, செடி முழுவதுமே நஞ்சுதான். பிள்ளைகளைத் தொட்டு விளையாட விடாதீர்கள், கொடியைப் பிடுங்காதீர்கள்.

பறவைகளில் காட்டோரத்துக்கு உரியவர் காட்டுக்கோழி. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத கோழி இது. சேவலின் சிவப்புக் கொண்டையின் நடுவில் மஞ்சள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் வீட்டுக்கோழியோடு ஒருபோதும் குழப்பமாட்டீர்கள். தலைக்கு மேலே யாரோ ஓலைப்பாயை உதறுவது போலச் சிறகுச் சத்தம் கேட்டால் நிமிருங்கள், இருவாச்சி போகும். முட்டையிடும் காலத்தில் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலைத் தானே அடைத்துக்கொள்ளும். சின்ன ஓட்டை வழியாகச் சேவல் இரை கொண்டுவந்து கொடுக்கும். பொந்துள்ள பெரிய மரம் ஒன்றை வெட்டினால் எத்தனை குடும்பம் போகும் என்று அப்போது விளங்கும்.

இரண்டு விலங்குகளைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒன்று கரடி. புற்று தோண்டிப் பிளந்து கிடந்தால், பாலைமரத்தில் நகக்கீறல் இருந்தால், அது கரடியின் வேலை. மேல் முன்பற்கள் இரண்டு இல்லாத அந்த இடைவெளியால் கறையானை உறிஞ்சித் தின்னும். அதன் கவனம் முழுவதும் புற்றுக்குள் இருப்பதால் நாம் கிட்டப் போகும்வரை அதற்குத் தெரியாது, திடுக்கிட்டுத்தான் பாயும். எனவே பற்றை அடர்ந்த இடங்களில் மட்டும் மெளனத்தை விட்டுவிட்டுச் சத்தமாகக் கதைத்துக்கொண்டு போங்கள்.

மற்றது யானை. எங்கள் யானைகளில் ஆண்களுக்கும் பெரும்பாலும் தந்தம் இராது. தந்தம் இல்லை, ஆகவே பெட்டை, சாது என்று கணக்குப் போட வேண்டாம். இலத்தி சூடாக இருந்தால், முறித்த கொப்பிலிருந்து இன்னும் பால் வடிந்தால், யானை கிட்ட நிற்கிறது. கதைக்காமல், ஓடாமல், வந்தவழியே திரும்புங்கள். யானைக்கும் காட்டுக்கும் நடுவில், தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். படம் எடுக்கக் கிட்டப் போனவர்களின் கதை எங்கள் ஊர்களில் நிறைய உண்டு, அவற்றை எழுத மனமில்லை.

ஏழாம் படி: தடம் வாசித்தல்

ஆவணியில் வற்றிய குளத்துக்கு வருபவர்களுக்கு இதுதான் பெரிய கொடை. சேறு காய்ந்து இறுகும்போது இரவு வந்துபோன எல்லோரையும் தன்மேல் பதித்து வைத்திருக்கும். பூனைக்குலத்துத் தடம் வட்டமாக இருக்கும், நகம் பதியாது. நரி, நாய்த் தடத்தில் நகம் பதியும். கரடியின் பின்காலடி மனிதக் காலடி போல நீளமானது, முன்காலின் நகங்கள் விரலுக்கு வெகு முன்னால் குத்தியிருக்கும். இரட்டைக் குளம்பு சின்னதாக, கூராக இருந்தால் புள்ளிமான். அதே வடிவம் பெரிதாக இருந்தால் மரை என்னும் பெரிய மான். பன்றித் தடத்தில் பின்னால் இரண்டு பொட்டும் சேர்ந்து பதியும்.

நூலை எடுங்கள். யானையின் முன்காலடி வட்டமானது, பின்காலடி நீள்வட்டம். நன்றாகக் காய்ந்த பழைய முன்காலடி ஒன்றின் சுற்றளவை நூலால் அளந்து, அதை இரண்டு மடங்காக்குங்கள். அந்த யானையின் தோளுயரம் ஏறத்தாழ அவ்வளவு. பிள்ளைகளில் ஒருத்தி நூலின் இரண்டு மடங்கை ஒரு மரத்தில் பிடித்துக் காட்டச் சொன்னாள். பிடித்தோம். என் தலைக்கு மேலே போனது. அவள் நிமிர்ந்து பார்த்தபடி கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.

எட்டாம் படி: திரும்புதல்

பத்தரை, பதினொரு மணிக்குள் திரும்பிவிடுங்கள். வெயில் ஏறினால் விலங்கும் நிழலுக்குப் போய்விடும். மத்தியானத்தைத் துருசடி (குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகடி) மருதமர நிழலில் கழித்து, பின்னேரம் வயல்பக்கமாக இன்னொரு நடை போகலாம். துருசிலிருந்து வாய்க்கால் வழியாக வரம்பில் நடந்தால் மீன்கொத்தி, பஞ்சுருட்டான், கொக்கு, பனங்காடை. பனங்காடை கம்பியில் இருக்கும்போது மங்கலாகத்தான் தெரியும், பறக்கட்டும், சிறகின் நீலத்தைப் பாருங்கள். வரம்பை மிதித்து உடைக்காதீர்கள், பயிருக்குள் இறங்காதீர்கள், யானைவேலியைத் தொடாதீர்கள். பின்னேரம் நாலரைக்குமேல் காட்டோரத்தில் நிற்க வேண்டாம், அது யானை இறங்கும் நேரம். ஐந்தரைக்கு எல்லோரும் ஊருக்குள் வந்துவிட வேண்டும்.

ஒன்பதாம் படி: எழுதி வையுங்கள்

வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துவிடும். குளக்கட்டிலேயே குந்தி எழுதுங்கள். திகதி, குளத்தின் பெயர், தண்ணீர் எந்த மட்டம், குளம் நிரம்பி வான் பாய்கிறதா, என்ன பூத்திருந்தது, எத்தனை மணிக்கு எது தெரிந்தது. பெயர் தெரியாத பூவைப் பறிக்காமல் இலை, பூ, காய் மூன்றையும் வரையுங்கள், அல்லது படம் எடுங்கள். ஒரே குளத்துக்கு மூன்று வருடம், ஒவ்வொரு மாதமும் போய் எழுதினால், இந்த வருடம் கார்த்திகைப்பூ பிந்திப் பூத்ததா, சிறகி குறைந்ததா என்பதை நீங்களே சொல்வீர்கள்.

போகும் வழியில், காலையில் பாதை கேட்ட அந்தக் காவல் கொட்டிலில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள். எழுதியதை அந்த ஐயாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் ஏதோ ஒரு செடி என்று எழுதியிருப்பதற்கு அவரிடம் ஒரு பெயர் இருக்கும், சிலவேளை இரண்டு. அவர் சொல்லச் சொல்ல, அவர் வாயில் வந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள்.